முக்கால் டாங்க் பெட்ரோல்

(மன்னார்குடியில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

மலேசியாவையும் சிங்கப்பூரையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊருக்கு இது புதுத் தலைப்பே இல்லை. சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இன்றைக்கு என்ன விலை, மலேசிய ரிங்கிட் என்ன விலை என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அதை வைத்தே நாம் தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். "பையன் சிங்கப்பூரில் இருக்கான்" என்று சொல்லும்போது இருக்கிற குரல், "மலேசியாவில் இருக்கான்" எனும்போது கொஞ்சம் இறங்கிவிடும். பெண் பேசப் போகிற வீடுகளில் கவனித்துப் பாருங்கள்.

1967 வரை அந்த இரண்டு நாட்டுக்கும் ஒரே நாணயம்தான். தனித்தனியாக அச்சடிக்கத் தொடங்கிய பிறகும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆக, இந்த மூன்று மடங்கு வித்தியாசம் முழுக்க அதற்குப் பிறகு வந்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் சிலர் அந்தப் பழைய நோட்டைக் கையில் தொட்டிருப்பீர்கள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் நான்கும் சேர்ந்து 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா ஆனது. இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 1964-இல் சிங்கப்பூரில் இனக்கலவரம் இரண்டு தடவை வெடித்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்தப் பக்கம் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் பேசும்போது அழுதார். சுதந்திரம் கிடைத்த அன்று அழுத தலைவர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இதற்கு அப்புறம் நம் வாட்ஸ்அப்பில் ஒரு கதை ஓடும். மீன்பிடி கிராமமாக இருந்த சிங்கப்பூரை ஒரே மனிதர் முப்பது வருடத்தில் சொர்க்கமாக்கினார் என்று. லீ குவான் யூவின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் 1965-இல் அது கிராமம் இல்லை. நூற்று நாற்பது ஆண்டுகளாகக் கப்பல் வந்து போன பெரிய துறைமுகம். மலாயாவின் ரப்பரும் வெள்ளீயமும் அங்கிருந்துதான் உலகத்துக்குப் போயின. பிரிந்த அன்றைக்கே தலைக்கு வருமானத்தில் சிங்கப்பூர் மலேசியாவைவிட மேலே இருந்தது. ஒரு துறைமுக நகரத்தை, அதற்குப் பின்னால் இருந்த தோட்டங்களோடும் சுரங்கங்களோடும் சேர்த்துப் பார்க்காமல் தனியாக மதிப்பெண் போட்டால் கணக்கு எங்கேயோ இடிக்கும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். இவை தனித்தனி அறையில் தேர்வு எழுதிய இரண்டு மாணவர்கள் கிடையாது.

தண்ணீரைப் பாருங்கள். டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீர் ஒப்பந்தம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1962-இல், சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய மாநிலமான ஜோகூரோடு போட்ட ஒப்பந்தப்படி, ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். விலை ஆயிரம் காலனுக்கு 3 சென், அதாவது ஒரு ரிங்கிட்டில் நூறில் மூன்று பங்கு. ஒப்பந்தம் 2061 வரை செல்லும். சுத்திகரித்த தண்ணீரில் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் ஆயிரம் காலன் 50 சென்னுக்கு ஜோகூருக்கே திருப்பி விற்கிறது. "இந்தக் காலத்தில் 3 சென்னா?" என்று மலேசியா அவ்வப்போது கொதிக்கும். "சுத்திகரிக்க எங்களுக்கு ஆகிற செலவு 50 சென்னைவிட அதிகம், கையெழுத்து கையெழுத்துதான்" என்று சிங்கப்பூர் சொல்லும். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூர் பேசிக்கொண்டே சும்மா இருக்கவில்லை. 2003-இலிருந்து கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீர் என்று விநியோகிக்கிறது. 2005-இல் கடல்நீரைக் குடிநீராக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்றைக்காவது குழாயை மூடிவிடுவானோ என்ற பயம் அந்த நாட்டை ஓட வைத்த அளவுக்கு எந்தத் திட்டக் கமிஷனும் ஓட வைத்திருக்காது.

தண்ணீர் மாதிரியே மனிதர்களும். மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கிற கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். விடிவதற்கு முன்பே மலேசியப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வரிசை கட்டி நிற்கும். ஹெல்மெட், மழைக்கோட்டு, கையில் பாஸ்போர்ட். தொழிற்சாலை, மருத்துவமனை, கடை என்று அங்கே வேலை. இரவுக்கு வீடு இங்கே. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம், ரிங்கிட்டில் வாடகை. அவர் நாளெல்லாம் செய்த வேலை சிங்கப்பூரின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது. அவர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மலேசியா நடத்துகிறது. இப்போது சொல்லுங்கள், சிங்கப்பூரில் தலைக்கு வருமானம் ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல், மலேசியாவில் 12,000 டாலரை ஒட்டி என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், அந்த மோட்டார் சைக்கிள்காரரை எந்த எண்ணுக்குக் கீழே நிறுத்துவீர்கள்?

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. சிங்கப்பூர்க்காரர்கள் சனி ஞாயிறில் ஜோகூருக்கு வந்து மளிகை வாங்குவார்கள், பல் பிடுங்கிக்கொள்வார்கள், கார் கழுவுவார்கள். பெட்ரோலும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிங்கப்பூர் அரசு நிற்கிறது. சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார் நாட்டை விட்டு வெளியே போகும்போது டாங்க்கில் முக்காலுக்குக் குறையாமல் பெட்ரோல் இருந்தாக வேண்டும். குறைந்தால் அபராதம், வந்த வழியே திரும்பு. அந்தப் பக்கம் மலேசியாவும் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது: மானியத்தில் கிடைக்கிற மலிவுப் பெட்ரோலை வெளிநாட்டுக் காரில் ஊற்றக் கூடாது. இவர் வரியைக் காப்பாற்றுகிறார், அவர் மானியத்தைக் காப்பாற்றுகிறார். அந்த இரண்டு நாட்டின் உறவை ஒரே காட்சியில் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தால் போதும் என்பேன்.

சரி, பணத்தை விடுவோம். "நாம் யார்" என்ற கேள்விக்கு இரண்டு நாடும் என்ன பதில் சொல்லின? பிரிவுக்குக் காரணமே அந்தக் கேள்விதான். எல்லா இனத்துக்கும் சம உரிமை உள்ள மலேசியா வேண்டும் என்றது லீயின் கட்சி. மண்ணின் மைந்தர்களான மலாய்க்காரர்கள் பொருளாதாரத்தில் பின்தங்கிக் கிடக்க, சமம் என்று வெறும் வாயால் சொல்லி என்ன பயன் என்றது கோலாலம்பூர். 1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம், ரத்தக்களறி. அதன் பிறகு, 1971-இல், புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. படிப்பில், வேலையில், நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும், முன்னுரிமை. இதை நம் ஊரில் பலர் "பாரபட்சம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். 1970-இல் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. இருபது வருடத்தில் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது. கிராமத்து மலாய்ப் பையன் பொறியாளர் ஆனான். அது சாதாரண காரியம் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். அவர்கள் பூமிபுத்ரா இல்லை. கையில் மூலதனமும் இல்லை. வெள்ளைக்காரர்கள் எஸ்டேட்டுகளைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடு குடியிருந்த லயத்து வீடும் போயிற்று. 1960-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் வி.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அந்த ஆளுக்குச் சிலை வைத்தால் தகும். ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் எவ்வளவு வெள்ளத்துக்கு அணை போடும்? 2007 நவம்பரில் கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் உரிமை கேட்டு இறங்கியது அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான்.

சிங்கப்பூர் வேறு வழியில் போயிற்று. "இனம், மொழி, மதம் பாராமல்" என்று அந்த நாட்டுப் பிள்ளைகள் தினமும் பள்ளியில் உறுதிமொழி சொல்கிறார்கள். அதை 1966-இல் எழுதியவர் எஸ். ராஜரத்தினம். பிறந்தது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை, வளர்ந்தது மலாயாவின் சிரம்பான், முதல் வெளியுறவு அமைச்சரானது சிங்கப்பூரில். அந்த நாட்டின் தேசிய கீதமோ மலாய் மொழியில் இருக்கிறது. அங்கே நிரந்தரமாக வசிக்கிறவர்களில் நான்கில் மூன்று பேர் சீனர்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இனம் பார்க்க மாட்டோம் என்ற சிங்கப்பூரில் அடையாள அட்டையிலேயே இனம் அச்சாகியிருக்கிறது. நிரந்தரமாக வசிக்கிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். 1989-இலிருந்து, ஒரு புளோக்கில் சீனர் இத்தனை சதவீதம், மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனை என்று உச்ச வரம்பு. ஒரு புளோக்கில் இந்தியர் அளவு நிரம்பியிருந்தால், அங்கே சீனரோ மலாய்க்காரரோ விற்கிற வீட்டை இன்னொரு இந்தியர் வாங்க முடியாது. சேரி சேரியாக ஒதுங்காமல் கலந்து வாழ வைத்தது இந்தச் சட்டம். நல்லதுதான். ஆனால் இனத்தைப் பார்க்காமல் நடந்த காரியம் இல்லை அது. கணக்குப் பிள்ளை மாதிரி எண்ணி எண்ணிப் பார்த்து நடந்தது.

இனத்துக்கு முன்னுரிமை என்று வெளிப்படையாகச் சொன்ன மலேசியாவிலோ இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை கணக்கு முதல் தமிழில் படிக்கலாம். நம் தமிழ்நாட்டு நகரங்களில் தெருவுக்குத் தெரு என்ன நடக்கிறது என்பதை இதோடு ஒப்பிட வேண்டாம், மனசு கெட்டுப்போகும். சிங்கப்பூரில் தமிழ் அதிகாரப்பூர்வ மொழி. நாடாளுமன்றத்தில் பேசலாம். ரூபாய் நோட்டில் நாம் பதினைந்து மொழிக் கூட்டத்தில் தேடுகிற தமிழ், அங்கே நான்கில் ஒன்று. திருவாரூரில் பிறந்து, சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி அதற்காகப் பேனா பிடித்தவர். ஆனாலும் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. தமிழ் ஒரு பாடமாக இருக்கிறது. வீட்டுக்குள் ஆங்கிலம் ஏறிக்கொண்டே போகிறது. தைப்பூசத்துக்கு மலேசியாவில் பல மாநிலங்களில் பொது விடுமுறை, பத்துமலையில் ஜனக்கடல். சிங்கப்பூரில் 1968-இல் அந்த விடுமுறையை எடுத்துவிட்டார்கள். காவடி எடுக்கிறவர் லீவு போட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

வாழ்க்கைத் தரத்தில் சிங்கப்பூர்தான் மேல், மழுப்ப வேண்டியதில்லை. சராசரி ஆயுள் அங்கே 83 வயது. மலேசியாவில் 75-ஐ ஒட்டி. இரவு பன்னிரண்டு மணிக்குப் பெண்பிள்ளை தனியாக ரயிலில் வீடு திரும்பலாம். ஆனால் கார் வைத்துக்கொள்ளப் பத்து வருட உரிமைச் சான்றிதழ் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023-இல் அது சின்னக் காருக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. அந்தக் காகிதத்தின் விலைக்கு மலேசியாவில் ஏழெட்டு பெரோடுவா கார் வாங்கலாம். குழந்தை பெறுவதும் நின்றுகொண்டே வருகிறது. அதே 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தை. பரோட்டா, ஆற்றிய டீயான தே தாரிக் யாருடையது என்று இரண்டு நாடும் சண்டை போடுவதை நான் இதில் சேர்க்கவில்லை. அது தீராத வழக்கு.

கடைசியாக நம் பிள்ளைகள். சிங்கப்பூரில் இருக்கிற அறுபது லட்சம் பேரில் பத்தில் மூவர் குடிமக்களும் இல்லை, நிரந்தரவாசிகளும் இல்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிற இந்த மாவட்டத்துப் பையன்கள் அந்த மூவரில் வருகிறார்கள். விடுதியிலிருந்து வேலையிடத்துக்கு லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்து போகிறவர்கள். 2020-இல் கொரோனா அந்தத் தங்குவிடுதிகளைத்தான் அதிகம் சூறையாடியது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் அந்நாட்டுக் குடிமகளையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த அட்டை குடியுரிமையாக மாறுவதில்லை. மலேசியாவுக்குப் போகிறவர் நிலையும் இதைவிட மேல் இல்லை. காகிதம் சரியில்லாமல் மாட்டிக்கொண்டால் இன்னும் கஷ்டம்.

புறப்படத் தயாராக இருக்கிற தம்பிகள் யாராவது இங்கே இருந்தால் ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூர் வேலைக்கு, விமானம் ஏறுவதற்கு முன்பே, ஐ.பி.ஏ. என்கிற முன் அனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். உங்கள் மொழியில் தர வேண்டியது முதலாளியின் கடமை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று அதில் எழுதியிருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையும் அந்தக் கடிதத்தில் இருக்கிற தொகையும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கட்டுங்கள். யாரிடமாவது அந்தக் கடிதம் இப்போது கையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் எடுத்து வாருங்கள், சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம்.