தரை தருகிற பிடி

வணக்கம் நேயர்களே. நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்றால், மெதுவாக ஓர் அடி முன்னால் எடுத்து வையுங்கள். உங்களை முன்னால் தள்ளியது எது? கால்தான் என்போம். ஆனால் கால் தரையைப் பின்னுக்குத்தான் தள்ளுகிறது, பதிலுக்குத் தரை உங்களை முன்னே தள்ளுகிறது, அந்தத் தள்ளலுக்குப் பெயர்தான் உராய்வு. இயக்கத்தை எதிர்க்கும் விசை என்று மட்டும் பள்ளியில் படித்துவிட்டு, அதை ஒரு முட்டுக்கட்டையாகவே மனதில் வைத்திருக்கிறோம். எனக்கு அதில் ரொம்ப நாளாக வருத்தம்.

நடக்கும்போது தரையில் ஊன்றிய பாதம் நகர்வதே இல்லை, உடம்புதான் அதைக் கடந்து போகிறது, அதனால் இங்கே வேலை செய்வது நிலை உராய்வு. பாதம் நழுவத் தொடங்கிவிட்டால் இயக்க உராய்வு வந்துவிடும், அது பெரும்பாலும் இன்னும் குறைவு. வழுக்க ஆரம்பித்த காலை நிறுத்துவது அவ்வளவு கஷ்டமாக இருப்பது இதனால்தான்.

எட்டி வைக்கும் கால் சாய்வாகத்தான் தரையில் ஊன்றும். உடல் எடை மேலிருந்து அழுத்த, குதிகால் முன்னால் நழுவப் பார்க்கும். எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறோமோ அவ்வளவு சாய்வு, அந்த அளவுக்குப் பிடியும் வேண்டும். சமதளத்தில் சாதாரண நடைக்கு உராய்வுக் குணகம், அதாவது தரையை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கிறது என்ற எண், ஏறத்தாழ 0.2 இருந்தால் போதும், காய்ந்த தரையில் ரப்பர் செருப்புக்கு இதைவிடத் தாராளமாகவே கிடைக்கும். உருகத் தொடங்கிய பனிக்கட்டியின் மேல் 0.1 கூடக் கிடைக்காது. அங்கே தரையை மாற்ற முடியாது, ஆனால் தேவையைக் குறைக்கலாம். "அடிமேல் அடி வைத்து நட" என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான்: அடி சிறிதானால் கால் நிமிர்ந்து ஊன்றும், குறைந்த பிடியே போதும்.

எடை அதிகமானால் பிடியும் கூடுமே, குண்டாக இருப்பவர் வழுக்க மாட்டாரா என்று சிலர் கேட்பார்கள். அழுத்தம் கூடக்கூட உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்று 1699-லேயே பிரான்சு நாட்டு அறிவியலாளர் அமோன்தோன் எழுதிவிட்டார், அது சரிதான். ஆனால் எடை கூடினால் காலை நழுவத் தள்ளும் விசையும் கூடுகிறதே! ஆக, வழுக்கும் தரை எல்லோருக்கும் ஒன்றுதான்.

சரி, ஈரத் தரையில் என்ன நடக்கிறது? பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது ஓரமாக வழிந்து ஓடினால்தான் ரப்பர் தரையைத் தொடும். செருப்பின் அடியில் உள்ள பள்ளங்கள் அதற்கு வழிவிடத்தான். என் அம்மாவின் பழைய செருப்பை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் கோடுகளே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழ என்று தேய்ந்திருந்தது, முதலில் தரையில் ஊன்றுவது அந்த இடம்தான். சோப்பு நீர் என்றால் இன்னும் மோசம்.

அதே காலில் முழங்கால் மூட்டுக்குள் கதை நேர் எதிர். குருத்தெலும்பும் மூட்டுத் திரவமும் சேர்ந்து அங்கே உராய்வைப் பனிக்கட்டியைவிடக் குறைவாகக்கூட வைத்திருக்கும். உள்ளே நழுவ வேண்டும், வெளியே பிடிக்க வேண்டும், இரண்டையும் ஒரே கால் செய்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

அப்புறம், திரும்பும்போது கவனம். நேராக நடப்பதைவிடச் சட்டென்று திரும்புவதற்குப் பக்கவாட்டிலும் பிடி வேண்டும். அம்மா இப்போது குளியலறையில் துண்டை எடுக்க ஒரே வீச்சில் திரும்புவதில்லை. சுவரில் ஒரு கை, பாதத்தை நாலைந்து சின்ன அடிகளாக நகர்த்தி, அப்படியே திரும்புகிறார்.

நன்றி, வணக்கம்.