இல்லை என்று சொல்கிற வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் நிவாரணப் பணி செய்துவிட்டு வந்தவள் என்று தெரிந்ததும் பலரும் கேட்பது, "அவ்வளவு கஷ்டத்தையும் பார்த்துக்கொண்டு எப்படித்தான் இருந்தீர்கள்?" என்பதுதான். பார்ப்பது கடினம்தான். ஆனால் எங்களை உள்ளுக்குள் அரித்தது வேறு: உதவி கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது.

நான் வேலை பார்த்தது வங்கதேசத்தில், காக்ஸ் பஜார் மாவட்டத்துக் குட்டுபாலாங் அகதி முகாமில். 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவத்தின் வெறியாட்டத்துக்குத் தப்பி ஓடத் தொடங்கிய ரோஹிங்கியா மக்கள், சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேல் எல்லை தாண்டினார்கள். குன்றுச் சரிவெங்கும் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடில்கள். வெளியே போய் வேலை பார்க்க அனுமதி கிடையாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு ரேஷன்தான் கதி.

எனக்கு ஊட்டச்சத்து மையத்தில் வேலை. குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு நாடாவைச் சுற்றி அளப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து 12.5 வரை மஞ்சள். அதற்கு மேல் பச்சை. சிவப்பில் இருக்கும் பிள்ளைக்கு நிலக்கடலை விழுதில் பால்பவுடரும் சர்க்கரையும் எண்ணெயும் சத்துகளும் சேர்த்த பாக்கெட் உண்டு. ஒன்று 92 கிராம், 500 கலோரி. சமைக்க வேண்டாம், பிரித்து வாயில் வைத்தால் போதும். துவண்டு கிடந்த பிள்ளை சில வாரங்களில் தலைதூக்கிச் சிரிக்கும். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பிள்ளை பச்சைக்கு வந்துவிடுவான். பாக்கெட் நின்றுவிடும். "உங்கள் பையன் தேறிவிட்டான் அம்மா" என்று ஒரு தாயிடம் நாங்கள் மகிழ்ச்சியோடு சொன்னபோது அவள் முகம் வாடிப்போனது. நாடாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் இறுக்கி அளக்கக் கூடாதா என்று மொழிபெயர்ப்பாளரிடம் மெதுவாகக் கேட்டாள். வீட்டில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பாக்கெட்டில் எல்லாரும் ஆளுக்கொரு வாய் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்று தாய்மார்களிடம் சொல்வதும் எங்கள் வேலைதான். மற்ற பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவனுக்கு மட்டும் எந்தத் தாய் ஊட்டுவாள்?

நான் இறுக்கி அளக்கவில்லை. அது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்படியே நாள்கள் போகப் போக, ஒரு கட்டத்தில் மையத்தில் பிள்ளைகள் அழுவது எனக்குக் காதிலேயே விழாமல் போனது. தாய்மார்களின் முகம் மறந்து அளவு மட்டும் நினைவில் நின்றது. இந்த மரத்துப்போதல்தான் என்னைப் பயமுறுத்தியது. ஊருக்கு வந்தால் "புண்ணியம் பண்ணியிருக்கிறாய் அம்மா" என்பார்கள். அதற்கு மேல் நான் யாரிடம் என்ன சொல்ல?

2023-இல், முகாமுக்கு ரேஷன் கொடுக்கும் ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டத்துக்குப் போதிய நிதி வரவில்லை. ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த ரேஷன், மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று இறங்கியது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 27 சென்ட். மறு ஆண்டு கூட்டினார்கள், சரி. ஆனால் குறைத்த செய்தியைக் குடில் குடிலாகப் போய்ச் சொன்னது யார்? தன்னார்வலர்கள். அவர்களும் ரோஹிங்கியாக்கள், அதே முகாமில் குடியிருப்பவர்கள். அவர்கள் வீட்டு ரேஷனும்தான் குறைந்தது. திட்டு வாங்கியதும் அவர்கள், மறுநாள் அதே முகங்களைத் தண்ணீர்க் குழாயடியில் பார்க்க வேண்டியதும் அவர்கள்.

நிவாரணப் பணியாளர்களின் மனநலம் என்று பேச்சு வரும்போதெல்லாம் என்னைப் போல வெளியிலிருந்து போனவர்கள்தான் கண்ணில் படுகிறோம். எங்களுக்கு ஓய்வு விடுப்பு உண்டு, ஆங்கிலத்தில் பேச ஆலோசகர் உண்டு, திரும்பிப் போக வீடு உண்டு. அந்தத் தன்னார்வலர்களுக்கு இதில் எதுவும் இல்லை. எங்கள் மையத்தில் வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் யாரைத் திருப்பி அனுப்பினோம் என்பதைத் தங்கள் மொழியிலேயே பேச ஏற்பாடு செய்தோம். முதலில் வேலை முடிந்த பிறகு வைத்தபோது பாதிப் பேர் வரவில்லை. சமைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் ஓடிவிட்டார்கள். வேலை நேரத்துக்குள் கொண்டுவந்து அந்த ஒரு மணி நேரத்துக்கும் படி கொடுத்த பிறகுதான் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நிதி கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: மருந்துக்கும் பாக்கெட்டுக்கும் எழுதுகிற கணக்கில் இந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.