ஊதிய குவளை ஒரு ராத்திரி ஆறட்டும்: கார்னிங் கண்ணாடிப் பட்டறை

[காட்சி: புத்தூர் கடைத்தெரு. கொத்துக் கொத்தாகத் தொங்கும் பாசிமணிச் சரங்கள்.]

வணக்கம். புத்தூரிலிருந்து பேசுகிறேன். ஆந்திராதான், ஆனால் வீட்டில் தமிழ். ரேணிகுண்டா தாண்டிக் காளஹஸ்தி பக்கம் போனால் பாப்பாநாயுடுபேட்டை. கண்ணாடிப் பாசிமணிக்குப் பேர்போன ஊர். லாடா என்ற இரும்புக் குழாயில் உருகிய கண்ணாடியைச் சுற்றி, நுனியைப் பிடித்து இழுத்தால் உள்ளே துளையோடு நீளமான குழல் வரும். அதைப் பொடிப்பொடியாக வெட்டி, சாம்பலில் கலந்து வறுப்பார்கள். முனை மழுங்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. அரிக்கமேட்டு மணிகளும் இதே இழுப்பு வகைதான்.

சரி, கண்ணாடி வேலையை நாமே செய்து பார்க்க ஆசைப்பட்டால்?

[காட்சி: உலைவாய், ஆரஞ்சு வெளிச்சம்.]

அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் பட்டறை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற சின்ன ஊர். அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகம் 1951-இல் தொடங்கியது, பட்டறை 1996-இல். இங்கே உலையைத் தினமும் மூட்டி அணைப்பதில்லை, ராப்பகலாக எரியும். சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தேன் பதத்தில் இருக்கும். வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு அந்தப் பதம் கண்ணில் நிற்கும். ஊதுகுழாயில் எடுத்ததும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும்.

முன்அனுபவமே இல்லாதவர்களும் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தாங்களே ஒரு பொருள் செய்யலாம். சின்னப் பிள்ளைகளுக்கு உலை வேண்டாத வேலையும் உண்டு. அவர்கள் குவளையில் மணல் பீய்ச்சி வடிவம் பதிப்பார்கள். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு ஊதுதல், சுடரில் உருக்குதல், அச்சில் வார்த்தல், செதுக்குதல் என்று வகுப்புகள் உண்டு. கலைஞர்கள் தங்கி வேலை செய்யவும் இடம் தருகிறார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் வந்தாலும் சரி: பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை 2015-இல் 500 பேர் உட்காரும் அரங்கமாக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். வியர்வையோடு வேலை செய்பவரைப் பார்க்க ஒரு அரங்கம்!

[காட்சி: அடுப்புக்குள் வரிசையாகக் குவளைகள். கதவு மூடுகிறது.]

ஆனால் ஊதிச் செய்த குவளையை அன்றே கையில் தரமாட்டார்கள். மறுநாள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பார்சலில் வரும். பிகு செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வெளியே வைத்தால் மேல்பக்கம் சட்டென்று ஆறும், உள்பக்கம் சூடாகவே இருக்கும். அந்த இழுபறி உள்ளுக்குள் தங்கிவிட்டால், அப்புறம் ஒருநாள் தொடாமலே விரிசல் விடும். அதனால் சுமார் 480 டிகிரியில் இருக்கும் தனி அடுப்பில் வைத்து, ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். இதற்கு அனீலிங் என்று பெயர்.

பொருள் தடிமனாக இருந்தால் நாளும் கூடும். கலிபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934-இல் இதே கார்னிங்கில் வார்த்த கண்ணாடி வட்டு, குறுக்கே 200 அங்குலம். அது ஆறப் பத்து மாதம். அதற்கு முன் வார்த்தபோது அச்சின் பாகங்கள் பெயர்ந்து மிதந்து, முதல் வட்டு சரியாக வரவில்லை. அதையும் அவர்கள் மறைக்கவில்லை.

[காட்சி: ஆளுயரத்தைவிடப் பெரிய அந்த முதல் வட்டு, அருங்காட்சியகத்திலேயே, முன்னால் ஒரு சிறுமி.]