புலாவ் உபின்: உழைத்த தீவுக்குத் திரும்பி வந்த இருவாச்சி

[காட்சி: சாங்கி முனைப் படகுத்துறை, காலை நேரம். பம்போட் இயந்திரச் சத்தம்.]

வணக்கம். படகுத்துறையில் உட்கார்ந்திருக்கிறோம். 12 பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சிறு இயந்திரப் படகு கிளம்பிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின், சிங்கப்பூரின் வடகிழக்கே இருக்கும் தீவு.

வார இறுதியில் இங்கே வருகிறவர்கள் வாடகைச் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று சுற்றுவார்கள், இளநீர் குடிப்பார்கள், "காடு அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படகு ஏறுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தக் காட்டில் யாரோ ஒருவர் வேலை செய்யாத இடம் அபூர்வம். கல் உடைத்திருக்கிறார்கள், பால்மரம் வெட்டியிருக்கிறார்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்திருக்கிறார்கள், இறால் வளர்த்திருக்கிறார்கள். அந்தத் தடயங்களைக் காட்டுவதற்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: பெக்கான் கல்குவாரி, பச்சை நிறத் தண்ணீர், எதிரே செங்குத்தான பாறைச் சுவர்.]

முதலில் கல். உபின் முழுக்கக் கருங்கல் தீவு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். நடுக்கடலில் உள்ள பெட்ரா பிராங்கா பாறையில் 1851-இல் எழுந்த ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் இந்தத் தீவின் கல். மலேசியாவின் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்திலும் உபின் கல் கிடக்கிறது. அதன்மேல் எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம்!

கடைசிக் குவாரி 1999-இல் மூடியது. வெட்டிய பள்ளங்களில் மழைநீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. இப்போது நீங்கள் பார்க்கும் பெக்கான் குவாரியில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. மனிதர் சுலபமாக நெருங்க முடியாத தண்ணீர், அதற்கு நடுவில் மரங்கள். நாரைக்கு வேறென்ன வேண்டும்?

[காட்சி: மண்பாதை. பாதையோரம் ரப்பர் மரங்கள்.]

சரி, இப்போது மெதுவாக நடப்போம். இந்த மரங்களைப் பாருங்கள். கீழே புதர் மண்டிக் கிடக்கிறது, கொடி ஏறியிருக்கிறது. ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்தால் மரங்கள் வரிசையாக நிற்பது தெரியும். காடு வரிசை பிடித்து வளராது. இது பழைய ரப்பர் தோட்டம்.

[காட்சி: மரத்தண்டு, மிக அருகில்.]

என் பாட்டி ஜொகூரில் தோட்டத்துப் பெண். இளம் வயதில் விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர். ஒருமுறை அவரை இங்கே அழைத்து வந்தேன். சைக்கிள், கடை எதையும் அவர் கவனிக்கவில்லை. நேராக ஒரு மரத்திடம் போனார். பட்டையில் சாய்வாக ஓடும் பழைய தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். ஓரிடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக இருந்தது. "இது புதுக்கை வெட்டின மரம்டா. கத்தி கட்டை வரைக்கும் போயிருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாடமே இருக்கிறது. ரப்பர்ப் பால் இருப்பது பட்டையில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய உயிருள்ள அடுக்கு உண்டு. புதுப் பட்டை அதிலிருந்துதான் வளர வேண்டும். கத்தி அதைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால் காயம் ஆறி, அதே இடத்தில் சில வருடம் கழித்து மறுபடி வெட்டலாம். ஆழம் தப்பினால் இப்படித்தான் முண்டு கட்டும். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் இந்த முறையை 1890-களில் உருவாக்கியவர் ஹென்றி ரிட்லி என்ற தாவரவியலாளர், நம்முடைய பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில். 1877-இல் அங்கே வந்து சேர்ந்த 22 நாற்றுகளில் தொடங்கிய கதை, மலாயா முழுக்கப் பரவி, நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இங்கே கொண்டுவந்தது. என் பாட்டியின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அதனால் இந்தத் தழும்பை எனக்கு வெறும் மரப்பட்டையாகப் பார்க்க முடியவில்லை.

[காட்சி: மேலிருந்து சுங்கை ஜெலுத்தோங். மண்வரப்புகள்.]

ரப்பருக்கு அப்புறம் இறால். இந்தத் தீவு முன்பு ஒரே தீவாக இருக்கவில்லை. சுங்கை ஜெலுத்தோங் என்ற உப்பங்கழி நடுவே புகுந்து பிரித்திருந்தது. இறால் குட்டைக்காக வரப்பு போட்டதில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கரையோரச் சேற்றில் வளரும் கண்டல் (மாங்ரோவ்) காட்டை வெட்டி, மண்ணைத் தோண்டி, மதகு வைத்து, கடல்நீரை ஏற்றி இறக்குவார்கள். தொழில் நின்றதும் குட்டைகள் அப்படியே கிடந்தன.

ஆட்கள் போய்விட்டால் கண்டல் தானாகத் திரும்பி வராதா என்று கேட்பீர்கள். எளிதில் வராது. கண்டல் நாற்றுக்குத் தினமும் கொஞ்ச நேரம் தண்ணீர் வடிந்து சேறு தலைகாட்ட வேண்டும். குட்டையைத் தோண்டியதால் தரை தாழ்ந்துவிட்டது. வற்று நேரத்திலும், அதாவது கடல்நீர் இறங்கும்போதும், தண்ணீர் தேங்கி நிற்கிறது. மிதந்து வரும் விதை வேர்பிடிக்க இடமில்லை. ஆகவே நாற்றை வாங்கி நட்டால் மட்டும் போதாது. தண்ணீர் வந்து போகும் வழியைச் சரிசெய்ய வேண்டும், தரை மட்டத்தை உயர்த்த வேண்டும். உபின் கண்டல் காட்டை மீட்கப் பாடுபடும் தன்னார்வலர்கள் இதைப் புரிந்துகொண்டு பொறுமையாக வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய வணக்கம்.

[காட்சி: இருவாச்சி ஜோடி. சிறகடிக்கும் சத்தம்.]

இதோ, நான் காத்திருந்த ஆள் வந்துவிட்டார். இருவாச்சி. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, அலகின்மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல ஒரு கொண்டை. 19-ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரை விட்டுப் போன பறவை இது. 1994-இல் இந்தத் தீவில் ஒரு ஜோடி மறுபடி கண்ணில் பட்டது.

பறவை வந்துவிட்டது, ஆனால் வீடு கிடைக்கவில்லை. இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. ஏற்கெனவே பொந்து விழுந்த பெரிய, வயதான மரம் வேண்டும். தோட்டம் போட்ட தீவில் அப்படிப்பட்ட மரங்களுக்கு எங்கே போவது? அதனால் ஆய்வாளர்களும் தேசியப் பூங்காக் கழகமும் செயற்கைக் கூடுகளை மரங்களில் கட்டிவைத்தார்கள்.

கூட்டுக்குள் நடப்பதுதான் அதிசயம். பெண் பறவை உள்ளே போய், மண்ணையும் பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். மிஞ்சுவது அலகு நுழையும் ஒரு கீற்று. முட்டையிட்டு, குஞ்சு வளரும்வரை வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண் பறவை பழம், பூச்சி, பல்லி என்று கொண்டுவந்து அந்தக் கீற்று வழியே ஊட்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவை பட்டினி. அத்திப்பழம்தான் விருப்ப உணவு. ஆனால் கம்பத்து (கிராமத்து) வீட்டுப் பப்பாளியையும் விட்டுவைக்காது. இன்று மத்திய சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுக் கம்பியில்கூட இருவாச்சி வந்து உட்காருகிறதே, அதன் பின்னால் இந்தத் தீவின் கூடுகள் இருக்கின்றன.

விலங்குகள் ஜொகூரிலிருந்து நீந்தியும் வரும். காட்டுப்பன்றி நன்றாக நீந்தும். யானையும் நீந்தும்: 1990-இல் மூன்று யானைகள் பக்கத்துத் தீவான தெக்கோங்கில் கரையேறின. மலாய்க்காரர்களின் பழங்கதை ஒன்றில் யானையும் பன்றியும் தவளையும் ஜொகூருக்கு நீந்தப் போட்டிபோட்டுத் தோற்றுக் கல்லாகிவிடும். யானையும் பன்றியும் உபின், தவளை பக்கத்திலுள்ள குட்டித்தீவு செக்குடு. இந்தக் கதையைச் சொன்னவர்கள் யானை கடலில் நீந்துவதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

[காட்சி: செக் ஜாவா, வற்று நேரம்.]

கிழக்கு முனைக்கு வந்துவிட்டோம். செக் ஜாவா. மணல், பாறை, கடற்புல், பவளச் சிதைவு, கண்டல், கரையோரக் காடு, ஆறும் ஓரிடத்தில். இதை மண்கொட்டித் தூர்ப்பதாக இருந்தது. 2001-இல் தன்னார்வலர்கள் வற்று நேரம் பார்த்து வந்து இங்குள்ள உயிர்களைப் பதிவு செய்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், கடிதம் எழுதினார்கள். வேலை தொடங்கும் தறுவாயில், டிசம்பரில், திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மனம் விட்டு மகிழ வேண்டிய செய்தி. ஆனால் நிரந்தரமாக விட்டுவிட்டதாக யாரும் சொல்லவில்லை, அது நினைவில் இருக்கட்டும்.

கடலும் சும்மா இருப்பதில்லை. 2007-இன் தொடக்கத்தில் பெருமழையால் ஜொகூர் ஆற்று நன்னீர் இறங்கி, உப்பு குறைந்து, இங்கே ஏராளமான உயிர்கள் மடிந்தன. 2014, 2015-இல் இந்த ஜொகூர் நீரிணையில் நுண்பாசி பெருகியபோது மிதவைப் பண்ணைகளில் கொடுவா மீன்கள் கூண்டோடு செத்து மிதந்தன. அதோ தூரத்தில் தெரிகின்றனவே, அதே பண்ணைகள்தான். விவசாயம் இப்போது தண்ணீருக்கு நகர்ந்துவிட்டது.

நீங்கள் வருவதானால், கடல்மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஓத அட்டவணையில் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பாருங்கள். நடைபாலத்திலிருந்து குனிந்து ஒரே இடத்தைப் பத்து நிமிடம் கவனியுங்கள். முதலில் வெறும் சேறாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு நண்டு கையை ஆட்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.