30 குதிரைக்குத் தீனி

நேயர்களுக்கு வணக்கம்.

1970-ஆம் வருடத்துச் செவ்ரோலே செவெல் மாலிபு என்ற பழைய அமெரிக்கக் கார் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் கெடுக்காமல் மைலேஜைக் கூட்டுவது எப்படி என்று பேசுகிறேன். 350 கன அங்குல வி-8 எஞ்சின். லிட்டரில் சொன்னால் 5.7. நாலு பேரல் (காற்று போகும் குழல்) கொண்ட குவாட்ராஜெட் கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்), ஏட்டளவில் 300 குதிரைத்திறன், மூன்று கியர் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பின் அச்சில் 3.55 விகிதப் பல்சக்கரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் போட்ட வேகக் கார், வைத்திருப்பவர்களில் பலர் அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுக்கிறார்கள். யானையைக் கட்டித் தீனி போட்டு மாளுமா என்பது அவர்கள் கவலை. கேலனுக்கு 12, 13 மைல், அதாவது லிட்டருக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் தராத வண்டிகள் நிறைய இருக்கும்போது அந்தக் கவலை நியாயமானதுதான்.

ஆனால் இந்த யானைக்கு உண்மையில் எவ்வளவு தீனி வேண்டும்? சமமான சாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் போக, காற்றுத் தடைக்கும் டயர் உருள்வதற்கும் சேர்த்து ஏறக்குறைய 30 குதிரைத்திறன் போதும். மீதி 270 குதிரைகளும் லாயத்தில் சும்மா நிற்கின்றன. மைலேஜைத் தீர்மானிப்பது அந்த 30 குதிரைகளை எப்படி ஓட்டுகிறோம் என்பது. வேகத்தைத் தீர்மானிப்பது 300-ஐயும் எப்படி அவிழ்த்துவிடுகிறோம் என்பது. இரண்டும் நடக்கும்போது, ஆக்சிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவான த்ராட்டில் நிற்கும் இடம் வேறு, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் வழி வேறு, ஸ்பார்க் விழும் நேரம் வேறு. ஆகவே ஒன்றைக் கெடுக்காமல் இன்னொன்றைத் திருத்த முடியும். எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

முதலில் கியர். மைல் வேகத்தைப் பின் அச்சு விகிதத்தால் பெருக்கி, அதை 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கிடைக்கும். 26 அங்குல டயர், 3.55 விகிதம், 65 மைல் வேகம்: சுமார் 2,980 சுற்று. டர்போ 350-இன் கடைசி கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் இதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எட்டு பிஸ்டன்கள் சிலிண்டர் சுவரில் உரசுகின்றன. ஏறக்குறைய மூடிக் கிடக்கும் த்ராட்டில் வழியாகக் காற்றை இழுக்கப் போராடுகின்றன. 30 குதிரைக்கு வேண்டிய பெட்ரோலோடு இந்த உரசலுக்கும் இழுப்புக்கும் தனியாகப் பெட்ரோல் போகிறது.

அந்தக் காலத்தில் இதற்கு இரண்டே வழிகள். பின் அச்சில் 4.10 விகிதம் போட்டுப் பாயலாம், 2.73 போட்டுச் சிக்கனமாகப் போகலாம். 1980-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த நாலு கியர் ஓவர்டிரைவ் பெட்டிகள் (கடைசி கியரில் எஞ்சினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றுபவை) அந்த இக்கட்டைத் தீர்த்தன. 200-4ஆர் என்ற பெட்டியில் நாலாவது கியர் 0.67. அதே 65 மைல் வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றுக்கு இறங்கிவிடும். முதல் கியரோ 2.74, டர்போ 350-இல் அது 2.52 மட்டுமே. பின் அச்சோடு பெருக்கிப் பாருங்கள்: பழைய பெட்டியில் 8.95, புதியதில் 9.73. சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பும்போது சக்கரத்துக்குச் சுமார் 9 சதவீதம் கூடுதல் விசை. பெட்ரோலை மிச்சப்படுத்தும் அதே பாகம் வண்டியைச் சுறுசுறுப்பாக்கவும் செய்கிறது. கையில் இருக்கும் பணத்தை ஒரே ஒரு இடத்தில்தான் போட முடியும் என்றால் இங்கே போடுங்கள் என்பேன்.

200-4ஆர், குட்டை வால் கொண்ட டர்போ 350-இன் நீளமே இருப்பதால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் பழைய டிரைவ் ஷாஃப்டே பொருந்தும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை மட்டும் பின்னால் நகர்த்த வேண்டும். 700-ஆர்4 போட்டால் ஷாஃப்டை ஏறக்குறைய 3 அங்குலம் வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். அதில் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63. 5,000 சுற்றில் கியர் மாறினால் எஞ்சின் சுமார் 2,660-க்கு விழும். அந்தப் பள்ளம் ஓட்டும்போது நன்றாகவே தெரியும்.

இந்தப் பெட்டிகளைக் கொல்வது ஒரு கேபிள். கார்புரேட்டர் த்ராட்டிலோடு இணைந்திருக்கும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள்தான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கேபிளும் முழுக்க இழுபட்டிருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கி, சில மைல்களிலேயே கருகும். ஹோலி, எடல்பிராக் கார்புரேட்டர்களில் த்ராட்டில் கை நகரும் வட்டம் வேறு. திருத்தப்பட்ட பிராக்கெட் இல்லாமல் கேபிளை மாட்டாதீர்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் கன்வெர்ட்டரும் முக்கியம். 3,000 சுற்று ஸ்டால் கன்வெர்ட்டரை, அதாவது அந்தச் சுற்றை நெருங்கும்வரை அதிகம் வழுக்குவதை, போட்டு 2,000 சுற்றில் பயணம் செய்தால் அது நாள் முழுக்க வழுக்கிக்கொண்டே எண்ணெயைச் சூடாக்கும், மிச்சப்படுத்தியதெல்லாம் அங்கேயே போய்விடும். வழுக்காமல் இறுகப் பூட்டிக்கொள்ளும் லாக்கப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். லாக்கப்புக்கு வயர் இழுத்து இணைக்கவும் வேண்டும்.

ஓவர்டிரைவ் வந்துவிட்டதே என்று 2.73 பின் அச்சை அப்படியே விட்டால் 65 மைல் வேகத்தில் 1,540 சுற்றுதான் வரும். அங்கே எஞ்சின் திணறும். சின்ன மேட்டுக்கும் த்ராட்டிலை அகலத் திறக்க வேண்டும். கார்புரேட்டர் கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். இந்த எஞ்சினுக்கு 3.42-லிருந்து 3.73 வரை நல்ல இடம்.

அடுத்து ஸ்பார்க். மெலிந்த கலவை மெதுவாக எரியும். அதனால் முன்னதாகவே பற்றவைக்க வேண்டும். ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் வாக்குவம் அட்வான்ஸ் டப்பா அதற்காகவே இருக்கிறது. த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும்போது எஞ்சின் இழுப்பதால் உண்டாகும் வாக்குவம் (வெற்றிடம்) அதை இயக்குகிறது. ரேஸ் வண்டியில் அது கிடையாது என்று கேள்விப்பட்டு அதன் குழாயைப் பிடுங்கி அடைத்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரேஸ் வண்டி எப்போதும் முழு த்ராட்டிலில் ஓடுகிறது, அங்கே வாக்குவமே இல்லை, ஆகவே டப்பா தேவையில்லை. சாலை வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. குழாயைப் பிடுங்கினால் மைலேஜ் குறையும், எக்ஸாஸ்ட் சூடேறும், பிளக்கில் கரி படியும்.

குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) 12 டிகிரி வையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் விழுகிறது என்பதே இந்தக் கணக்கு. டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றை ஏற்றினால், 2,800-லிருந்து 3,000-க்குள் மொத்தம் 34-லிருந்து 36 டிகிரியில் அது நிற்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளே இருக்கும் எடைகளையும் அவற்றின் தடுப்பையும் ஸ்பிரிங்கையும் சரிபார்க்க வேண்டும். பிறகு குழாயை மாட்டினால் டப்பா இன்னும் 12 முதல் 14 டிகிரி சேர்க்கும். பயணத்தில் மொத்தம் 46-லிருந்து 50. மிதிக்கும் கணத்தில் வாக்குவம் விழுந்து, சேர்த்த டிகிரியும் கழன்றுவிடும். முழு வேகத்துக்கு அந்த 34 மட்டுமே மிஞ்சும். மெல்ல மிதிக்கும்போது கிணுகிணுவென்று நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம்) கேட்டால் டப்பா சேர்ப்பதை 10 டிகிரிக்குக் குறையுங்கள். அடிப்படை டைமிங்கில் கை வைக்காதீர்கள். கைப்பம்பால் டப்பாவை இழுத்துப் பார்ப்பதும் அவசியம். இழுத்த வாக்குவம் நிற்காமல் இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இனி கார்புரேட்டர். குவாட்ராஜெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது பெரிய இழப்பு. முன் பேரல்கள் இரண்டும் 1 3/8 அங்குலம், பின்னவை 2 1/4 அங்குலம். அந்த 30 குதிரை வேலை முழுவதையும் சின்னப் பேரல்களே பார்த்துக்கொள்ளும். அவற்றில் காற்று வேகமாகப் பாய்வதால் பெட்ரோல் நன்றாகத் தூளாகும். பெட்ரோல் வரும் துளையான ஒவ்வொரு முன் ஜெட்டுக்குள்ளும் ஒரு ஊசி நிற்கிறது. அதன் தடித்த மேல்பகுதி பயணத்துக்கு, மெல்லிய நுனி பாய்ச்சலுக்கு. வாக்குவம் குறைந்தால் பவர் பிஸ்டனின் ஸ்பிரிங் ஊசியை மேலே தூக்கிவிடும்.

ஜெட்டில் பொறித்த எண் துளையின் விட்டம், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று காட்டுவது. 72 ஜெட்டில் 43 ஊசி இருந்தால், ஊசியை 44-க்கு மாற்றினால் பெட்ரோல் போகும் இடைவெளி 2.6 சதவீதம் குறையும். ஜெட்டை 71-க்கு மாற்றினால் 4.3 சதவீதம் குறைவதோடு பாய்ச்சலின் கலவையும் மெலியும். ஆகவே பயணத்தைத் திருத்த ஊசியை மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் குழாயில், புகையின் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சர் ஒன்றைப் பொருத்தி லாம்ப்டா அளவில் படியுங்கள். 1 என்றால் முழுதாக எரியச் சரியான கலவை, அதற்கு மேல் மெலிந்தது, கீழே செறிந்தது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய எண் பொருந்தாது, லாம்ப்டா எதற்கும் பொருந்தும். பயணத்தில் 1.03 அளவு, முழு மிதிப்பில் 0.87 அளவு. ஒரு படி மெலிய வைத்து ஓட்டிப் பாருங்கள். வண்டி விட்டுவிட்டு இழுத்தால் ஒரு படி திரும்பி வாருங்கள். பின் பேரல் ஊசிகளை ஒரே ஒரு திருகைக் கழற்றி மாற்றலாம். முழு மிதிப்பை அங்கே தனியாகத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு நோய்கள் இந்தக் கார்புரேட்டருக்கு உண்டு. அடியில் இருக்கும் கிணற்று அடைப்புகள் கசிந்து, நிறுத்திய வண்டியில் பெட்ரோல் மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) சொட்டும். எப்பாக்ஸி பூசினால் நிற்கும். பழைய நுரை மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்து, பெட்ரோல் மட்டத்தை ஏற்றிவிடும். புதியது போடுவது தவிர வழியில்லை. இவற்றைப் பார்க்காமல் ஊசி மாற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றை அடைக்கும் சோக், எஞ்சின் சூடானதும் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். 160 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் இருந்தால் 180 அல்லது 195 போடுங்கள்.

வேலையின் வரிசையை மாற்றாதீர்கள்: கியர், பிறகு டைமிங், கடைசியில் கார்புரேட்டர். ஓவர்டிரைவ் வந்ததும் பயணத்தின் வாக்குவம் குறையும். பழைய வாக்குவத்துக்குத் திருத்திய பவர் பிஸ்டன் ஸ்பிரிங் வலுவாக இருந்தால் சமதளத்திலேயே ஊசியைத் தூக்கிவிடும்.

எஞ்சினை எப்படியும் திறக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் அளவு, 0.050 அங்குல உயர்வில் அளந்தால் 220 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பிஸ்டன் மேல்முனையில் 0.025 அங்குலம் கீழே நிற்கும் பிளாக்கில், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் 0.039 தடிமன் கேஸ்கெட்டுக்குப் பதில் 0.015 எஃகு ஷிம் கேஸ்கெட் போட்டால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலான இடைவெளி 0.064-லிருந்து 0.040 ஆகும். கலவை நன்றாகக் கலங்கி வேகமாக எரியும், நாக்கிங்கும் அடங்கும். எஃகு கேஸ்கெட்டுக்குப் பிளாக்கின் மேற்பரப்பு நேராக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 65-லிருந்து 75 மைலுக்குப் போனால் காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு கூடும். 1974-இல் அமெரிக்கா 55 மைல் வரம்பு கொண்டுவந்தது இதற்காகத்தான்.

கடைசியாக, அளப்பது. பின் அச்சோ டயரோ மாறியிருந்தால் ஓடோமீட்டர் தவறான மைலைச் சொல்லும். 3.55-இலிருந்து 3.73-க்குப் போனவருக்கு அது 5 சதவீதம் கூட்டிக் காட்டும். சேமிக்காத பெட்ரோலைச் சேமித்ததாக நம்ப வைக்கும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தைப் பொருத்தமானதாக மாற்றி, ஜிபிஎஸ் வைத்து 20 மைல் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒரே பம்பில், ஒரே மட்டத்துக்கு நிரப்பி, மூன்று டேங்க் ஓட்டிக் கணக்கெழுதுங்கள். ஒரு டேங்கின் எண்ணை வைத்து ஊசியை மாற்றாதீர்கள்.

நன்றி, வணக்கம்.