குடலிறக்கம் வந்தால் ஓடுவதை விட்டுவிட வேண்டுமா?

சரி, அடுத்த கேள்வி கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் முழுவதையும் படித்துவிடுகிறேன், பதில் சொல்ல இதில் உள்ள விவரம் எல்லாமே தேவைப்படும்.

"வணக்கம் டாக்டர். வயது 44. சில வருடங்களாக ரேஸ்கோர்ஸில் காலையில் ஓடுகிறேன், டிசம்பரில் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாக வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வருகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டினால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி, இப்போது எட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு இடத்தில் காட்டினேன். குடல் இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யணும், அப்புறம் ஆறு மாதம் ஓடக்கூடாது, முடிந்தால் ஓட்டத்தையே விட்டுவிடுங்கள் என்றார்கள். கூட ஓடுகிற நண்பர் பெல்ட் கட்டிக்கொண்டு ஓடு என்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஓடியதால்தான் இது வந்ததா? இனிமேல் ஓட முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மனசு அங்கேதான் இருக்கும். ஓட முடியும். நல்லபடியாக ஓட முடியும்.

ஓடியதால் வந்ததா என்றால், இல்லை. ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள் இருந்துதான் கீழே இறங்குகின்றன, அடிவயிற்றுச் சுவரில் ஒரு பாதை வழியாக. இறங்கின பிறகு அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுசாக மூடுவதில்லை, முப்பது நாற்பது வருடம் கழித்து அதன் வழியாகக் கொழுப்போ குடலோ எட்டிப் பார்க்கிறது. இன்னொரு வகையில் பாதை மூடித்தான் இருக்கும், வயது ஏற ஏற சுவரே தளர்ந்து அந்த இடத்தில் புடைக்கும். சைக்கிள் டயரில் ஓர் இடம் தேய்ந்து போனால் உள்ளே இருக்கிற டியூப் அங்கே பிதுங்குமே, அதுதான் நடக்கிறது. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற விஷயம் இது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவருக்கும் வருகிறது. ஏற்கெனவே இருந்த பலவீனத்தை ஓட்டம் உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் காட்டிக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதனால் ஓடினேனே, தப்பு செய்துவிட்டேனே என்று நினைக்காதீர்கள்.

வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என்னை அதிகம் உறுத்துவது அதுதான். இந்த இடத்தில் வீக்கம் என்றாலே நம் ஊர் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை. நல்ல படிப்பு, நல்ல வேலை, தினமும் உடற்பயிற்சி, எல்லாம் இருக்கும், ஆனால் வருடக்கணக்காக ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருமிக்கொண்டிருப்பார்கள், மனைவிக்குக்கூடத் தெரியாது. கடைசியில் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொள்கிற ராத்திரியில்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிய வரும். தயவுசெய்து இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஆனால் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறவர்கள் அவர்கள்தானே.

அந்தச் சிக்கல் எப்படி இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமாகப் படுத்தால் உள்ளே போகிற வீக்கம் போகவில்லை, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது, வலி விடாமல் ஏறுகிறது, வாந்தி வருகிறது, வாயு பிரியவில்லை, மேல் தோல் சிவக்கிறது, இதில் எது நடந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். ஓடும்போது புடைத்து லேசாக வலித்தால் நின்று, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள், பெரும்பாலும் தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இப்படிச் சொன்னதும் பயந்துவிட வேண்டாம். இது அடிக்கடி நடப்பதில்லை. வட அமெரிக்காவில் இதற்காகவே ஓர் ஆய்வு செய்தார்கள், 2006-இல் வெளிவந்தது. தொந்தரவு அதிகம் இல்லாத 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், மறு பாதிக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்து வருவது. கவனித்து வந்தவர்களில் அவசர நிலைக்குப் போனது ஆயிரம் பேரில் வருடத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்ற கணக்கில்தான். ஆக, நாளைக்கே ஆபரேஷன் என்று உங்களை யாரும் விரட்டத் தேவையில்லை. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு வருடத்தில் நான்கில் ஒருவரும், பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேரும் தாங்களாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். முக்கியக் காரணம் வலி. அதாவது தள்ளிப்போட்டால் ஆபத்து குறைவு, ஆனால் பெரும்பாலும் தள்ளிப்போடத்தான் முடியும், தவிர்க்க முடியாது. சுவரில் விழுந்த ஓட்டை மாத்திரையாலோ யோகாவாலோ அடைபடாது. யாராவது அப்படி விற்றால் வாங்காதீர்கள்.

பெல்ட்டும் அதே கதைதான். ஆபரேஷன் தாங்க முடியாத உடல்நிலையில் இருப்பவருக்கு ஒரு தற்காலிக ஆறுதல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதைக் கட்டிக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடினால் வியர்வையில் நழுவும், தொடை இடுக்கில் தோல் உரியும், வீக்கம் முழுசாக உள்ளே போகாத நிலையில் மேலே இறுக்கிக் கட்டிவிட்டால் நடுவில் மாட்டுகிற குடலுக்குத்தான் கேடு. உங்களுக்கு அது வேண்டாம். இறுக்கமான உள்ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வது வேறு, அது சௌகரியத்துக்கு, போடலாம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இது உங்களுக்கு இல்லை, இதைப் பார்க்கிற மற்ற ஓட்டக்காரர்களுக்கு. தொடை இடுக்கில் வலி இருக்கிறது, வீக்கம் இல்லை, ஸ்கேன் எடுத்தால் சின்ன குடலிறக்கம் என்று எழுதியிருக்கிறது. இந்த நிலையில் அவசரப்பட்டு ஆபரேஷன் மேஜையில் ஏறாதீர்கள். ஓடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் வலி வரக் காரணங்கள் நிறைய இருக்கின்றன: தொடையின் உட்பக்கத் தசை, இடுப்பு மூட்டு, முன்பக்க இடுப்பு எலும்பு சேருகிற இடம், சில சமயம் எலும்பில் விழுந்த மயிரிழை விரிசல். 2014-இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் விளையாட்டு வீரர்களின் இடுப்புவலியை, தொட்டும் தசையை இயக்கியும் பார்த்து வகை பிரிக்கச் சொன்னார்கள், வெறும் ஸ்கேனை வைத்து இல்லை. முழங்கால்களுக்கு நடுவே என் முஷ்டியை வைத்து அமுக்கச் சொன்னால் அலறுகிறவருக்கு வலி தசையில் இருக்கிறது. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்து, சுவரைத் தாங்க வலை வைத்துத் தைத்தால் பழைய வலி அப்படியே இருக்கும், புதிய வலி ஒன்று கூடுதலாகச் சேரலாம். நல்ல பரிசோதனை என்பது உங்களை நிற்க வைத்து, இருமச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்ப்பது. படுக்க வைத்து மட்டும் பார்த்தால் பாதி தப்பிப் போகும்.

உங்கள் விஷயத்தில் சந்தேகம் இல்லை. நின்றால் வருகிறது, படுத்தால் போகிறது, வலி பத்தில் ஆரம்பித்தது எட்டுக்கு வந்துவிட்டது. அந்த எட்டுதான் எனக்கு முக்கியம். தொந்தரவு ஏறிக்கொண்டு போகிறது, நீங்கள் ஓட்டத்தை விடப் போகிற ஆளும் இல்லை. இப்போது ஆகஸ்ட். இந்த மாதமே ஆபரேஷன் முடித்துவிட்டால் டிசம்பருக்கு மூன்றரை மாதம் கையில் இருக்கிறது. நேரக்கணக்கு பார்க்காமல் ஓடி முடிக்க அது போதும். வேலையில் விடுமுறை கிடைக்காது என்றால் டிசம்பரை மெதுவாக ஓடிவிட்டு ஜனவரியில் செய்துகொள்ளலாம், அதிலும் பெரிய தவறு இல்லை, ஆனால் அதுவரை பாக்ஸ் ஜம்ப், பர்ப்பி மாதிரிக் குதிக்கிற பயிற்சிகள், மேட்டில் வேக ஓட்டம், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்குவது எல்லாம் வேண்டாம். வயிற்றுக்குள் அழுத்தம் மிக அதிகமாக ஏறுவது குதிக்கும்போதும் இருமும்போதும்தான். புகை பிடித்தால் நிறுத்துங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் செய்யுங்கள், தினமும் காலையில் முக்குவது நிதானமான ஓட்டத்தைவிடக் கெடுதல். என்னைக் கேட்டால், இந்த மாதமே முடித்துவிடுங்கள் என்பேன்.

எந்த முறை? திறந்து செய்வது, சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி, இரண்டும் நல்ல முறைகள். இரண்டிலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை வலை வைப்போம். திறந்து செய்வதை அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தே செய்ய முடியும். லேப்ராஸ்கோப்பிக்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும், ஆனால் வலி குறைவு, வேலைக்குத் திரும்புவது சீக்கிரம், இரண்டு பக்கமும் இருந்தால் ஒரே தடவையில் முடியும். ஓடுகிறவருக்கு நான் லேப்ராஸ்கோப்பியைத்தான் முதலில் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: உங்கள் சர்ஜனுக்கு எது கைவந்த முறையோ அதுதான் உங்களுக்கு நல்ல முறை. தயங்காமல் கேளுங்கள், இதை அடிக்கடி செய்கிறீர்களா என்று. கேட்பதால் யாரும் கோபப்பட மாட்டார்கள், கோபப்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நீடித்த வலியைப் பற்றியும் கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் வலி சில மாதங்களுக்கு மேல் நிற்கிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிற அளவுக்கு வலி என்பது அதைவிடக் குறைவு, ஆனால் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஒன்றுமே ஆகாது என்று சொல்வது நியாயம் இல்லை.

செலவு பற்றி ஒரு வரி. தனியாக எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் குடலிறக்கத்துக்கு முதல் இரண்டு வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. தேதி குறிப்பதற்கு முன் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்கள். நம் அரசு மருத்துவமனைகளில் இது அன்றாடம் நடக்கிற ஆபரேஷன், அங்கேயும் தைரியமாகப் போகலாம்.

இப்போது அந்த ஆறு மாதம். இது பழைய காலத்துப் பேச்சு. வலை வராத காலத்தில் திசுவையே இழுத்துத் தைத்தார்கள், தையல் பிய்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில், சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் நீண்ட ஓய்வு தேவையில்லை, உடம்பு ஒத்துக்கொள்கிற வேகத்தில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம் என்றுதான் இருக்கிறது. நான் என் நோயாளிகளுக்குச் சொல்வது இது: ஆபரேஷன் அன்றைக்கே எழுந்து நடங்கள், மாடி ஏறலாம். முதல் வாரம் வீட்டைச் சுற்றி, இரண்டாவது வாரம் அரை மணி நேரம் வேக நடை. வலி இல்லாமல் வேகமாக நடக்க முடிகிறது, இருமினால் சுரீர் என்று இல்லை என்றால், மூன்றாவது வாரத்தில் நடை நடுவே ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். திறந்து செய்திருந்தால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மேடு, வேகம், எடை எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு. ஓடும்போது லேசாக இழுத்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் கூடுதலாக வலித்தால் முந்தின அளவுக்கு இறங்கிவிடுங்கள். உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் வேறு கணக்கு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள், உள்ளே பார்த்தவர் அவர்.

முதல் சில நாளில் பயமுறுத்துகிற விஷயங்கள் உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். விதைப்பை கருநீலமாக மாறும், கசிந்த ரத்தம் கீழே இறங்கியிருக்கும், தானாகக் கரையும். தையலுக்கு அடியில் விரல் மாதிரி தடிப்பாக இருக்கும், புண் ஆறுகிற அடையாளம். அதற்குக் கீழே தோல் மரத்துப் போகும், மெல்ல மெல்ல உணர்வு திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும். பழைய வீக்கம் இருந்த அதே இடத்தில் நீர் சேர்ந்து மறுபடி புடைக்கும், ஐயோ திரும்ப வந்துவிட்டதே என்று கலங்கிப் போவார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் வற்றிவிடும், ஊசி போட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ், வரவர ஏறுகிற வலி என்றால் மட்டும் உடனே வாருங்கள். தும்மல் வந்தால் தலையணையை அடிவயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை சிலது மலத்தை இறுக்கும், கொய்யா, கீரை, தண்ணீர், தேவையென்றால் இளக்கி மருந்து. இந்தியன் டாய்லெட்டில் உட்காரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள், வலி இல்லாமல் உட்கார முடிகிற அன்றைக்கு உட்காரலாம். பைக் ஓட்டுவதற்கு மட்டும் பத்து நாள் கழியட்டும், குழிகளில் திடீர் பிரேக் பிடிக்க உடம்பு தயாராக இருக்க வேண்டும்.

இதே கேள்வியின் கீழே ஒரு பெண்மணி கேட்டிருக்கிறார், தானும் ஓடுவதாகவும் தொடை இடுக்கில் சின்னதாக ஒரு கட்டி மாதிரி இருப்பதாகவும், கவனித்துக்கொண்டே இருக்கலாமா என்று. அம்மா, நான் சொன்ன அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பெண்களுக்குத் தொடைப் பக்கம் சற்றுக் கீழே இறங்குகிற வகை ஆண்களைவிட அதிகம் வருகிறது, அதன் வாய் குறுகல், சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல், வெளியே பார்க்க வெறும் நெறிகட்டி மாதிரித் தெரியும். நீங்கள் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே ஒரு சர்ஜனிடம் காட்டிவிடுங்கள், பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.