அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகள்

நேயர்களுக்கு வணக்கம். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நாம் அடுப்படி வேலையைப் பார்க்கலாம் என்று பல வீடுகளில் ஆகிவிட்டது. இன்று சொல்லப்போகும் படங்களைப் பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள்.

அயர்லாந்தில் கில்கென்னி என்ற பழைய கோட்டை ஊரில், 1999இல் டாம் மூர், நோரா டூமி, பால் யங் மூவரும் தொடங்கிய நிறுவனம் கார்ட்டூன் சலூன். தங்கள் நாட்டுப் பாட்டி கதைகளைக் கையால் வரைந்து படமாக்குகிறவர்கள்.

2020இல் வந்த ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1650ஆம் ஆண்டு, அதே கில்கென்னி. ஊர் ஆங்கிலேயர் பிடியில் இருக்கிறது. ஓநாய்களைக் கொன்று காட்டை அழிக்க உத்தரவு. அந்தக் காட்டிலோ, உடம்பு தூங்கும்போது ஓநாயாக எழுந்து ஓடுகிறவர்கள் வாழ்கிறார்கள். அந்த வட்டாரத்தில் பல நூறு ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை இது.

இனி கோட்டைக் கவனியுங்கள். கோட்டை என்றால் கட்டடத்தை அல்ல, வரைகிற கோட்டைச் சொல்கிறேன். ஊருக்குள் எல்லாம் கட்டம், கூர்மூலை; அந்தக் காலத்து மரக்கட்டை அச்சுப் படம் மாதிரி தடித்த கறுப்புக் கோடு. காட்டுக்குள் நுழைந்ததும் கோடு வளைகிறது, நெகிழ்கிறது, வாட்டர்கலர் ஊறிப் பரவுகிறது. ஓவியர் முதலில் லேசாக இழுத்துப் பார்ப்பாரே, அந்தப் பென்சில் கோடுகளை வழக்கமாக அழித்துவிடுவார்கள். இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மேவ் என்கிற காட்டுச் சிறுமியின் செம்பட்டை முடியைப் பாருங்கள், அத்தனையும் கிறுக்கல், அத்தனையும் உயிர். வேட்டைக்காரரின் மகள் ராபின் முதலில் ஊர்க்கோட்டில் இருப்பாள். காட்டோடு பழகப் பழக அவள் கோடும் முரடாகும். யாரும் வசனத்தில் சொல்வதில்லை. கோடுதான் சொல்கிறது. அப்புறம், ஓநாயின் மோப்பத்தில் உலகம் எப்படி இருக்கும் என்று காட்டும் காட்சிகளைக் காகிதத்தில் பென்சிலாலும் கரியாலும் வரைந்தார்கள். திரும்பவும் சொல்கிறேன், கோட்டைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்பே, 2009இல் வந்தது இவர்களின் ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’. சுமார் 800ஆம் ஆண்டில் துறவிகள் எழுதி வண்ணம் தீட்டிய கெல்ஸ் நூல் இன்றும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. படத்தின் காடே அந்த நூலின் பக்கம்போலத் தட்டையாக, சுருள் சுருளாக விரியும். தட்டையாக இருப்பது குறையில்லை, அதுதான் அழகு.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். கடல்நாய்ப் பெண்ணின் கதையான ‘சாங் ஆஃப் தி சீ’ பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும்: துயரத்தை ஜாடிகளில் அடைத்துவைக்கும் மக்கா என்ற கிழவி வரும் கட்டத்தைத் தவறவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.